சுங்கை பூலோவில் தமிழில் நடக்கலாம், கைகொடுங்கள்

வட்டாரத்து உறவுகளுக்கு வணக்கம்.

போன மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. எங்களோடு சுங்கை பூலோ ஈரநிலக் காப்பகத்தில் நடக்க வந்தவர்களில், கிராஞ்சியில் தங்குவிடுதியில் இருக்கும் ஊழியர் ஒருவரும் இருந்தார். சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரம் சதுப்புநிலக் காட்டுப் பக்கத்து ஊர்க்காரர். பலகைப் பாதையில் சட்டென்று நின்றுவிட்டார். ஓரத்து மரமொன்றில் உதிரப்போகும் இலைகள் மட்டும் செக்கச்செவேலென்று சிவந்திருந்தன.

"தம்பி, கையை எடு. தில்லை மரம் இது. பால் கண்ணுல பட்டா பார்வை போயிடும்."

இலையைத் தொடப்போன தொடக்கநிலை ஐந்து மாணவன் கையை இழுத்துக்கொண்டான். அவனுடைய பாட்டிதான் கேட்டார்: "சிதம்பரத்துத் தில்லையா?" இரண்டு முறை சிதம்பரம் போய்வந்தவர் அவர். தில்லையைக் கண்ணால் பார்த்தது சிங்கப்பூரில்தான். மலாய்க்காரர்கள் இதே மரத்தை 'பூத்தா பூத்தா' என்பார்கள். 'பூத்தா' என்றால் குருடு.

அப்புறம் அரைமணி நேரம் அந்த அண்ணன்தான் எங்களுக்கு வழிகாட்டி. சேற்றில் துள்ளும் மீன் எப்படிக் கரையேறி உட்காரும், எந்தக் குழி நண்டுடையது என்று சொல்லிக்கொண்டே போனார். பிள்ளைகள் நகரவே இல்லை.

நம் பிள்ளைகள் நெய்தல் நிலத்தை வகுப்பில் படிக்கிறார்கள். புன்னை, தாழை என்று பெயர்களையும் எழுதிவிடுகிறார்கள். அந்த மரங்கள் இந்தத் தீவின் கரைகளிலேயே வளர்கின்றன என்று அவர்களுக்குச் சொல்ல ஆளில்லை. பெயர் தெரியாத மரத்தை வெட்டினால் யாருக்கு வலிக்கும்?

சுங்கை பூலோவே அதற்குச் சாட்சி. இறால் வளர்த்த குட்டைகள் நிறைந்த இடம் அது. 1986-இல் பறவை பார்க்கப் போன ஆர்வலர்கள், வலசை வரும் பறவைகள் அங்கே கூட்டம் கூட்டமாக இறங்குவதைக் கண்டு, காப்பாற்றச் சொல்லி அரசிடம் கேட்டார்கள். 1993-இல் இயற்கைப் பூங்காவாகத் திறந்தது, 2002-இல் காப்பகமானது. போய்ப் பார்த்தவர்கள் கேட்டதால் கிடைத்தது. இன்றும் செப்டம்பர் முதல் மார்ச் வரை உப்புக்கொத்திகளும் உள்ளான்களும் சைபீரியா வரையுள்ள வடக்கிலிருந்து வந்து இறங்குகின்றன.

அந்தப் பையனின் குடும்பம் இரண்டு வாரம் கழித்துக் கரையோரக் குப்பை அள்ளும் வேலைக்குத் தானாகவே போனது. நாங்கள் கேட்கவில்லை.

வரும் செப்டம்பரிலிருந்து மாதம் ஒரு நடை, மொத்தம் ஏழு. முழுக்கத் தமிழில். பேருந்து வாடகை நடைக்கு 300 வெள்ளி என்று 2,100 வெள்ளி ஆகும். பேருந்து இல்லாவிட்டால் முதியவர்கள் வரமாட்டார்கள், அவர்கள் இல்லாமல் பாதிக் கதை போய்விடும். மரம், பறவைப் பெயர்களைப் படத்தோடு தரும் தமிழ்க் கையேடு 500 படி அச்சிட 1,600. முக்காலியோடு தொலைநோக்கி ஒன்று 800. ஆக 4,500 வெள்ளி. கையில் 1,300 இருக்கிறது. இன்னும் 3,200 வேண்டும்.

பத்து வெள்ளியானாலும் சரி. குழுப் பொருளாளரிடம் நேரில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். நாங்கள் பதிவுபெற்ற அறநிறுவனம் இல்லை, அதனால் வரிக்கழிவு கிடைக்காது. முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். வரவு செலவுக் கணக்கை ஒவ்வொரு நடையின் முடிவிலும் எல்லார் முன்னிலையிலும் வாசிப்போம். தங்குவிடுதி ஊழியர்களிடம் காசு வாங்குவதில்லை, அவர்களுக்குக் காலைப் பசியாறலும் உண்டு. வீட்டில் சமைத்துத் தர முடிந்தவர்கள் அதையும் சொல்லுங்கள்.

பணம் கொடுக்க முடியாதவர்கள் பாட்டி தாத்தாவை அழைத்து வாருங்கள். ஊரில் பார்த்த மரங்களின் பெயர் அவர்களுக்குத்தான் தெரியும்.

பிச்சாவரத்து அண்ணன் செப்டம்பர் நடைக்குத் தன் அறை நண்பர்கள் நான்கு பேரோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

நன்றியுடன்,
தமிழ் நடைக் குழுவினர்,
உட்லண்ட்ஸ்