கோடை விடுமுறைக்கு முன் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்பார்ந்த பெற்றோர்களுக்கு வணக்கம்.

ஆண்டுத் தேர்வுகள் நல்லபடியாக முடிந்தன. விளையாட்டு விழாவும் ஆண்டு விழாவும் சிறப்பாக நடந்தன. பங்கேற்ற எல்லோருக்கும் பாராட்டுகள். எட்டாம் வகுப்பு மாணவர்கள் ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாய்வகத்துக்குப் போய்வந்தார்கள்.

அந்தப் பயணத்துக்குப் பிறகு நடந்த ஒன்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது. தொலைநோக்கிகள் திரட்டும் தகவல்களை யார் உட்கார்ந்து கணக்குப் போடுகிறார்கள் என்று பிள்ளைகள் கேட்டார்கள். அறிவியல் ஆசிரியர் 'பாயிங்க்' என்ற இலவச மென்பொருளைப் பற்றிச் சொன்னார். கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் உருவானது அது. பெரிய கணக்கைத் துண்டு துண்டாக்கி உலகெங்கும் உள்ள வீட்டுக் கணினிகளுக்கு அனுப்பும்; கணினி சும்மா இருக்கும் நேரத்தில் கணக்கு முடிந்து விடை திரும்பிப் போகும். இந்த முறையில் இயங்கும் 'ஐன்ஸ்டீன் அட் ஹோம்' திட்டத்தில், 2010-ல் அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் இருந்த தன்னார்வலர்களின் சாதாரணக் கணினிகள் ஒரு புதிய துடிப்பு விண்மீனை (வேகமாகச் சுழன்று சீரான துடிப்புகளாக அலைகளை அனுப்பும் விண்மீனை) காட்டிக்கொடுத்தன. நம் பிள்ளைகளும் இதில் சேர ஆசைப்படுவது எனக்கு உண்மையிலேயே பெருமை.

ஆனால் சில வீடுகளில் பிள்ளைகள் பெற்றோரைக் கேட்காமலே இந்த மென்பொருளை நிறுவியிருக்கிறார்கள். அப்பாவின் அலுவலக மடிக்கணினியில்கூட! முடித்துக் கொடுக்கும் கணக்குகளுக்குக் கிடைக்கும் புள்ளிகள் நண்பர்களைவிட அதிகம் வேண்டும் என்று ராத்திரி முழுக்க ஓடவிட்டவர்களும் உண்டு. அந்தப் புள்ளிகளுக்குப் பணமதிப்பு எதுவும் இல்லை.

இதைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். கணினிக்கு உரியவர் சம்மதிக்காமல் எதையும் நிறுவக் கூடாது. அலுவலகக் கணினி நிறுவனத்தின் சொத்து. அதனால் பெற்றோரின் வேலைக்கே சிக்கல் வரலாம். வாட்ஸ்அப்பில் வரும் இணைப்பிலிருந்து இறக்கவும் கூடாது. 'ஸ்கூல்ல சொன்னாங்க' என்று பிள்ளைகள் சொன்னால் நம்ப வேண்டாம். பள்ளி யாரையும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. பள்ளிக் கணினியில் அனுமதியின்றி நிறுவும் மாணவர், அடுத்த பருவம் முழுவதும் கணினி அறைக்குள் வர முடியாது.

சும்மா இருக்கும் கணினிதானே, செலவு என்ன என்று தோன்றும். கணக்குப் போடும்போது கணினி கூடுதலாக மின்சாரம் இழுக்கும். கூடுதலாக 100 வாட் என்று வைத்தாலும், தினம் பத்து மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். இரண்டு மாத பில்லில் 60 யூனிட். அப்புறம் நம் வேலூர் வெயில் வேறு. சூடான அறையில் கணினி இன்னும் சூடாகும், விசிறி ஓயாமல் சுற்றும்.

நீங்கள் சம்மதித்தால், யாரும் பயன்படுத்தாத நேரத்தில் மட்டும் ஓடும்படியும், கணினியின் திறனில் ஒரு பகுதியை மட்டும் எடுக்கும்படியும் அந்த மென்பொருளிலேயே அமைக்கலாம். பிள்ளையோடு சேர்ந்து உட்கார்ந்து அமையுங்கள். மே மாதத்தில் வெயில் ஏறிய நேரத்தில் வேண்டாம். காலையில் ஓரிரு மணி நேரம் போதும்.

பிள்ளைகள் கேட்காமல் நிறுவியதைக் கோபப்படாமல் பொறுமையாக எங்களிடம் தெரிவித்த பெற்றோர்களுக்கு மனமார்ந்த நன்றி. பிள்ளைகளைத் திட்ட வேண்டாம், ஆர்வம் நல்ல ஆர்வம்தான். தங்கள் கணினி எந்த ஆய்வுக்காக என்ன கணக்குப் போட்டது என்று ஒரு பக்கம் எழுதிவரச் சொல்லியிருக்கிறோம். பள்ளி திறந்த முதல் வாரம் அறிவியல் மன்றத்தில் வாசிப்பார்கள். நீங்களும் வாருங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்