நர்ஸிடமும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசு மருத்துவமனைகளின் நிலை பற்றி உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஒழுகும் கூரை, தண்ணீர் வராத கழிவறை, படுக்கை இல்லாமல் தரையில் கிடப்பவர்கள் என்று செய்தியாளர் எழுதிய எதையும் நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் நடுவில் ஒரு வரி: "பாம்பு கடித்தவர் ஸ்ட்ரெச்சரில் துடிக்க, பக்கத்திலேயே நர்ஸ் செல்போனைப் பார்த்துக்கொண்டு நின்றார்." அதற்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. டெல்டா மாவட்டம் ஒன்றில் அரசு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். அந்த நர்ஸ் நான் இல்லை. ஆனால் அவர் நின்ற இடத்தில் நானும் நின்றிருக்கிறேன்.

பாம்புக்கடி வந்தால் என்ன செய்வோம் என்பது நீங்கள் அறியாதது அல்ல. கடித்தது கண்ணாடி விரியனா, சாரையா என்று பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. நடவு வயலில் இருட்டில் கடித்துவிட்டுப் போயிருக்கும். ரத்தத்தில் விஷம் ஏறியிருக்கிறதா என்று பார்க்க இரண்டு மில்லி ரத்தம் எடுத்து ஒரு கண்ணாடி டியூபில் விட்டு நிறுத்தி வைப்போம். பிளாஸ்டிக் டியூப் கூடாது. சோப்புப் போட்டுக் கழுவியதும் கூடாது. சரியாக 20 நிமிடம் அதை யாரும் தொடக் கூடாது, அசைக்கவும் கூடாது. 20-வது நிமிடம் மெல்லச் சாய்த்துப் பார்க்க வேண்டும். ரத்தம் கட்டியாக உறைந்திருந்தால் ஒரு மாதிரி, தண்ணீராக ஓடினால் வேறு மாதிரி. ஓடினால் உடனே விஷமுறிவு மருந்து. உறைந்திருந்தாலும் விட்டுவிட முடியாது, அரை மணிக்கு ஒரு தடவை திரும்பவும் பார்க்க வேண்டும். இதற்கு நடுவில் கண் இமை சொருகுகிறதா, பேச்சு குழறுகிறதா என்று முகத்தையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கட்டு விரியன் கடித்தால் ரத்தத்தில் ஒன்றும் காட்டாது, மூச்சுதான் நிற்கும்.

எங்கள் பிரிவின் சுவர்க் கடிகாரம் ஓடுவதில்லை. எழுதிக் கொடுத்துப் பார்த்துவிட்டோம். அதனால் டியூபை வைத்ததும் செல்போனில்தான் அலாரம் வைப்போம். உங்கள் செய்தியாளர் பார்த்த நர்ஸும் அதைத்தான் செய்தார் என்று நான் சத்தியம் செய்ய வரவில்லை. "என்ன சிஸ்டர் பார்க்கிறீங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவரே சொல்லியிருப்பார். கட்டுரையில் டீனிடம் கேட்டிருக்கிறார்கள், டாக்டரிடம் கேட்டிருக்கிறார்கள், டீக்கடைக்காரரிடம்கூடக் கேட்டிருக்கிறார்கள்.

அந்த 20 நிமிடம் எங்களுக்கு எப்படிப் போகும் என்று யாரும் எழுதியதில்லை. கூட வந்த பத்துப் பேரும் சுற்றி நின்று, "ஊசி போடாம டியூபையே வேடிக்கை பார்த்தா எப்படி?" என்பார்கள். அந்த மருந்து குதிரையின் ரத்தத்திலிருந்து எடுப்பது. ஒத்துக்கொள்ளாமல் போனால் அதனாலேயே உயிருக்கு ஆபத்து. தேவையில்லாதவருக்குப் போடக் கூடாது. போட வேண்டும் என்றானால், பவுடராக வரும் அந்த மருந்து பத்து பாட்டிலையும் தண்ணீர் விட்டு, குலுக்காமல் சுழற்றிச் சுழற்றிக் கரைக்க வேண்டும். குலுக்கினால் நுரைத்துவிடும். கை அந்த வேலையைச் செய்யும், காது அத்தனை வசவையும் கேட்கும்.

சத்தம் போடுகிறவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்கள் வீட்டு மனிதர் கிடக்கிறார், பயத்தில் கத்துகிறார்கள். ஆனால் கத்துகிறவரை விட்டுவிட்டுக் கத்தாதவரிடம் போவதுதான் எங்கள் வேலையே. வந்ததும் ஆபத்து எவ்வளவு என்று பார்த்துச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிப்பதே அதற்குத்தான். விரல் முறிந்தவர் ஊரைக் கூட்டுவார். பூச்சி மருந்து குடித்த பையன் வாயில் நுரையோடு சத்தமில்லாமல் கிடப்பான். எலி பேஸ்ட் சாப்பிட்ட பெண் எழுந்து உட்கார்ந்து தலை பின்னிக்கொள்வாள். "நல்லாத்தானே இருக்கா, வீட்டுக்கு அனுப்பும்மா" என்று அவளுடைய அப்பா சண்டை பிடிப்பார். இரண்டு நாள் அப்படித்தான் இருக்கும். மூன்றாம் நாள் கண் மஞ்சளாகும், கல்லீரல் போய்விடும். இதை எத்தனை அப்பாக்களிடம் சொல்லியிருப்பேன்! சொல்லியும் கையெழுத்துப் போட்டுக் கூட்டிக்கொண்டு போய், திரும்பத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் இருக்கிறார்கள்.

அடி வாங்குவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2024 நவம்பரில் கிண்டி அரசு மருத்துவமனையில் மருத்துவர் ஒருவரைக் கத்தியால் குத்தினார்களே, அன்று நாடே பேசியது. பேச வேண்டியதுதான். பிறகு கூட வருகிறவர்களுக்குக் கையில் டேக் கட்டும் முறை பல மருத்துவமனைகளில் வந்தது. எங்கள் பிரிவில் குடித்துவிட்டு வந்த ஒருவர் என் தோழியைக் கன்னத்தில் அறைந்தார். அவள் அப்போது அவருடைய அண்ணனுக்குத்தான் டிரிப்ஸ் ஏற்றும் கேனுலா ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். அது எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை. மருத்துவமனை ஊழியரைத் தாக்கினால் மூன்று வருடத்துக்குக் குறையாமல் பத்து வருடம் வரை சிறை என்று 2008-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. எங்கள் வாசலில் அது போர்டாகவும் தொங்குகிறது. புகார் கொடுக்கப் போனால், "ஏதோ உணர்ச்சிவசப்பட்டுட்டாரு, விடும்மா" என்று அனுப்பிவிட்டார்கள். மறுநாள் அவள் அதே கட்டில் பக்கம் டூட்டிக்கு வந்தாள்.

ஆள் பற்றாக்குறை பற்றி எழுதினால் புலம்பல் என்பார்கள். இருந்தாலும் சொல்கிறேன். தீவிர சிகிச்சையில் ஒரு நோயாளிக்கு ஒரு நர்ஸ், சாதாரண வார்டில்கூட ஐந்து பேருக்கு ஒருவர், மருத்துவக் கல்லூரி என்றால் மூன்று பேருக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் கணக்கு. எங்கள் நைட் டூட்டியில் மொத்தமே இரண்டு பேர். ஒருத்தி நோயாளியோடு ஸ்கேனுக்குப் போய்விட்டால் மிச்சம் இருப்பவள்தான் ஊசி, டிரிப்ஸ், தையல் டிரே, மருந்துக் கணக்கு, போலீசுக்குத் தகவல் எல்லாவற்றுக்கும். அந்த நேரத்தில் 108 வண்டி இரண்டு விபத்துக் கேஸோடு வந்து நிற்கும்.

2015-ல் தேர்வு எழுதி வந்த நர்ஸ் பிள்ளைகளுக்கு மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். இரண்டு வருடத்தில் நிரந்தரம் என்றார்கள். 2017-ல் அவர்கள் சென்னையில் மருத்துவத் துறை அலுவலகங்கள் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் போராட்டம் என்று போய் உட்கார வேண்டியிருந்தது. 2020 மார்ச் 22 மாலை எங்களுக்காகக் கை தட்டினீர்கள், நன்றி. அதே கொரோனாவுக்காக எடுத்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நர்ஸுகளை 2022 டிசம்பர் 31-ஓடு போதும் என்று சொன்னார்கள். உங்கள் பத்திரிகையில் அதைத் தேடிப் பிடித்துப் படித்தேன், உள்பக்கத்தில் ஒரு மூலையில் இருந்தது. செவிலியர் தினமான மே 12-ஆம் தேதி மட்டும் நைட்டிங்கேல் அம்மையாரின் படத்தைப் போட மறக்காமல் இருக்கிறீர்கள்.

மன்னிக்க வேண்டும், எங்கோ போய்விட்டேன். கட்டுரைக்கு மறுப்புப் போடுங்கள் என்று நான் கேட்கவில்லை. வாரா வாரம் வரும் உங்கள் மருத்துவப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டிச் செய்தி போதும். அவசரப் பிரிவில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்றால் என்ன, பின்னால் வந்தவரை ஏன் முன்னால் பார்க்கிறார்கள், பாம்பு கடித்தால் கயிறு போட்டு இறுக்கிக் கட்டாமல், கீறாமல், காலை அசைக்காமல் ஏன் நேராக மருத்துவமனைக்கு வர வேண்டும், இவ்வளவுதான். நடவு தொடங்குவதற்கு முன்னால் போட்டால் நல்லது. எழுதுகிறவருக்கு ஏதாவது சந்தேகம் இருந்தால் என் ஷிப்ட் முடிந்த பிறகு எந்த நேரமும் பேசத் தயார்.

அரசு ஊழியர் நடத்தை விதிகள் இருப்பதால் என் பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
அவசர சிகிச்சைப் பிரிவு செவிலியர் ஒருவர்