மூன்று நாள் போதும், மாப்ள

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. சுருளிப்பட்டித் தோட்டத்தில் அப்பா போட்ட பந்தலைப் பிரித்துவிட்டோம் என்று ஒரே வரியில் எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே விசா கிடைத்ததைச் சொல்லியிருக்கிறாய். என்னால் அந்த முதல் வரியைத் தாண்ட முடியவில்லை. அந்தப் பந்தலுக்குக் கீழே கயிற்றுக் கட்டிலைப் போட்டுக்கொண்டு, தலைக்கு மேலே பன்னீர்க் குலை தொங்கத் தொங்கத்தானே நாம் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படித்தோம். கல்தூணைப் பிடுங்கிய அன்று அப்பா எங்கே உட்கார்ந்திருந்தார், என்ன சாப்பிட்டார் என்றெல்லாம் யோசித்துக்கொண்டே இருந்தேன். பதில் தாமதமானதற்கு அதுதான் காரணம்.

சரி, பயணத்துக்கு வருகிறேன். செப்டம்பர் கடைசியில் உன் அக்கா மகன் கல்யாணம் முடிந்ததும் உங்கள் இருவர் கையிலும் ஐந்து நாள் இருக்கிறது. லாஸ் ஏஞ்சல்ஸ், லாஸ் வேகாஸ், கிராண்ட் கேன்யன் மூன்றையும் பார்த்துவிடலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம் மாப்ள. ஊர் திரும்பினால் காரில் உட்கார்ந்திருந்த அலுப்புதான் நினைவிருக்கும். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வடக்கே கடலோரமாக மென்டசீனோ வரை போவோம். அங்கிருந்து காட்டுக்குள் புகுந்தால் ஆண்டர்சன் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டங்கள். அப்புறம் சோனோமா வழியாக வீடு. மூன்று நாள் போதும். மீதி இரண்டு நாள் உன் வீட்டுக்காரி, என் தங்கச்சி, எங்கள் வீட்டில் காலை நீட்டி ஓய்வெடுக்கட்டும்.

இந்த வழியை நான் சொல்வதற்குக் காரணம் மூடுபனி. கோடையில் வடக்கிலிருந்து வீசும் காற்று கடலின் மேல்தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும். அந்த இடத்துக்கு ஆழத்திலிருந்து சில்லென்ற தண்ணீர் மேலே வரும். ஈரக்காற்று அதன்மேல் பட்டதும் பனியாகிக் கரையேறும். இங்கே ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை என்பதே அநேகமாகக் கிடையாது. ரெட்வுட் மரங்கள் அந்த மாதங்களை இந்தப் பனியை நம்பித்தான் கடத்துகின்றன. இலையில் படிந்து, சொட்டி, வேருக்குப் போகும். அதே பனி நவாரோ ஆற்றின் வழியாக உள்ளே ஏறித் திராட்சைத் தோட்டத்தையும் குளிர வைக்கிறது. அங்கே விளையும் பினோ நுவார் திராட்சை மெல்லிய தோல் ரகம், அதிக வெயில் தாங்காது. பகலில் வெயில், ராத்திரியில் குளிர் என்று இருந்தால்தான் புளிப்பு போகாமல் நிதானமாகப் பழுக்கும். நம் ஊருக்குச் சாரல் எப்படியோ, இந்த ஊருக்குப் பனி அப்படி.

முதல் நாள் விடியற்காலையில் கிளம்பி கோல்டன் கேட் பாலத்தைத் தாண்டி ஒன்றாம் நம்பர் நெடுஞ்சாலையைப் பிடிப்போம். பாலத்துக்குப் பக்கத்திலேயே மியூர் வுட்ஸ் என்ற பெயர்பெற்ற காடு இருக்கிறது. அங்கே வண்டி நிறுத்தவே முன்பதிவு வேண்டும், கூட்டமும் அதிகம். அதை விட்டுவிடலாம். ஜென்னரில் ரஷ்யன் ஆறு கடலில் கலக்கிற மணல்திட்டில் கடல்நாய்கள் படுத்துக் கிடக்கும். அடுத்து ஃபோர்ட் ராஸ். 1812-ல் ரஷ்யர்கள் கடல் நீர்நாய்த் தோலுக்காக வந்து, கஷாயா போமோ மக்களின் மண்ணில் கட்டிய மரக்கோட்டை. 1841-ல் விட்டுப் போய்விட்டார்கள். பாயின்ட் அரீனாவில் கலங்கரை விளக்கம். பழையது 1906 பூகம்பத்தில் சிதைந்துபோக, இப்போது இருப்பதை 1908-ல் எழுப்பினார்கள். ராத்திரி மென்டசீனோவில் தங்கல். வழியெல்லாம் வளைவுதான். தங்கச்சிக்குத் தலைசுற்றல் உண்டென்று எழுதியிருந்தாயே, அதனால் அவள் முன்சீட்டில் உட்காரட்டும், நான் மெதுவாகவே ஓட்டுகிறேன்.

இரண்டாம் நாள்தான் முக்கியம். 128-ம் நம்பர் சாலையில் திரும்பியதும் கடல் மறைந்துவிடும். நவாரோ ஆற்றை ஒட்டிப் பதினெட்டு கிலோமீட்டருக்கு இரண்டு பக்கமும் ரெட்வுட், நடுவில் இருட்டாக ஒரு சாலை. செம்மரம் என்று எழுதினால் நீ திருப்பதி மலைச் செம்மரத்தை நினைத்துக்கொள்வாய். இது வேறு சாதி. ஹெண்டி வுட்ஸ் காட்டில் இறங்கி ஒரு மணி நேரமாவது நடக்க வேண்டும். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைவிட உயரமான மரங்கள். ஆனால் அதன் காய் ஒரு சின்ன நெல்லிக்காய் அளவுதான் இருக்கும். பெரிய மரத்தின் பட்டை ஒரு அடி கனம், நார்நாராக இருக்கும். கையை வைத்தால் பழைய தேங்காய் மட்டையைத் தொட்டது போலிருக்கும். அந்தக் கனம்தான் காட்டுத் தீயிலிருந்து மரத்தைக் காப்பாற்றுகிறது. வெட்டுப்பட்ட இடத்தையும் உனக்குக் காட்ட வேண்டும். நடுவில் உளுத்த அடிக்கட்டை, அதைச் சுற்றி வட்டமாகப் பத்துப் பன்னிரண்டு மரங்கள். விதையிலிருந்து வந்தவை அல்ல, அந்தக் கட்டையின் அடியிலிருந்தே துளிர்த்தவை. போன முறை அதற்குள் நின்று அண்ணாந்து பார்த்தபோது உன் நினைவுதான் வந்தது.

காட்டை விட்டு வெளியே வந்தால் ஃபைலோ, பூன்வில். கண்ணுக்கு எட்டியவரை கொடி. நம்மூர் மாதிரி மேலே பந்தல் கிடையாது. வரிசையாகக் கம்பி கட்டி, இடுப்பு உயரத்தில் குலை. பூன்வில்லில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஊர்க்காரர்கள் தங்களுக்குள் ஒரு பாஷையையே உண்டாக்கினார்கள். அதில் 'பால்' என்றால் நல்லது, ஒரு கப் காப்பிக்கு 'ஹார்ன் ஆஃப் ஸீஸ்'. வாத்தியாருக்குப் புரியாமலிருக்க நாம் க-பாஷை பேசியதை நினைத்துக்கொண்டேன்.

நீ வந்து இறங்கும் நேரம் அறுவடைக் காலம். பாதி ராத்திரியில் விளக்கைப் போட்டுக்கொண்டு பறிப்பார்கள், பழம் சூடேறாமல் இருக்க. பறிப்பவர்கள் பெரும்பாலும் மெக்சிகோவிலிருந்து வந்தவர்கள். அவர்கள் கத்தி போகிற வேகத்தை நீ பார்க்க வேண்டும். ஒயின் குடிக்க மாட்டாய் என்று தெரியும், ஓட்டுகிறவன் நானும் தொடப் போவதில்லை. நமக்குக் கொடியைப் பார்த்தால் போதும்.

மூன்றாம் நாள் கிளவர்டேல், ஹீல்ட்ஸ்பர்க் வழியாக இறங்கிவிடலாம். சோனோமாவில் 1880-களில் நட்ட ஜின்ஃபண்டல் கொடிகள் இன்னும் காய்க்கின்றன. கம்பியும் இல்லை, பந்தலும் இல்லை. தொடை கனத்துக்கு முறுக்கிக்கொண்டு, சின்ன மரம் மாதிரித் தனியாக நிற்கும்.

ஸ்வெட்டர் கட்டாயம் எடுத்து வா, கடலோரத்தில் மதியமே குளிரும். போன் சிக்னல் பல இடத்தில் கிடைக்காது, அதனால் வீட்டுக்கு முன்கூட்டியே சொல்லிவிடு. என் வீட்டுக்காரி, உன் தங்கச்சி, இப்போதே புளியோதரைக்கு நாள் குறித்துவிட்டாள்.

அப்புறம், அப்பாவிடம் ஒரு தாளும் பேனாவும் கொடு. நம் ஊரில் கொடியை வெட்டிக் கவாத்து அடித்தால் நாலு மாதத்தில் குலை, இரண்டு வருஷத்தில் ஐந்து மகசூல். இங்கே கொடி குளிர்காலம் முழுக்க இலையுதிர்த்துத் தூங்கும், வருஷத்துக்கு ஒரே மகசூல். நூற்று நாற்பது வருஷக் கொடிக்கு எத்தனை துளிர்க் கண் விட்டுக் கவாத்து செய்கிறார்கள், சாம்பல் நோய்க்கு என்ன அடிக்கிறார்கள் என்று அவருக்குக் கேட்க ஆயிரம் இருக்கும். எல்லாவற்றையும் அவர் கையாலேயே எழுதி வாங்கிக்கொண்டு வா. தோட்டக்காரர் ஒருவரை எனக்குத் தெரியும். தாளை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்போம்.

உன் பழைய கூட்டாளி