பள்ளிப் புதுக் கட்டிடம்: தாமதம் ஏன்?

அனைவருக்கும் வணக்கம். புதுக் கட்டிடம் சொன்ன தேதிக்குள் முடியாது. கூரைக்குச் சென்ட்ரிங், அதாவது கான்கிரீட்டைத் தாங்கும் பலகையும் முட்டும் அடித்து, கம்பியும் கட்டியாகிவிட்டது. விடாத மழையால் கான்கிரீட் போட முடியவில்லை. நனைந்த கம்பியில் உதிரும் துருவைத் தேய்த்துவிட்டுத்தான் போட வேண்டும். போட்ட பிறகும் குறைந்தது 7 நாள் தண்ணீர் கட்டி வைக்க வேண்டும். கான்கிரீட்டின் பலத்தைக் கணக்கிடுவதோ 28ஆம் நாளில். அதுவரை கூரையைத் தாங்கும் முட்டுக் கம்புகளைச் சீக்கிரம் பிரித்தால் என்ன என்று சிலர் கேட்கிறீர்கள். பிள்ளைகள் தலைக்கு மேல் நிற்கப்போகும் கூரை அது. அதில் அவசரம் வேண்டாம்.

அதுவரை வகுப்புகள் பழைய இடத்திலேயே, ஷிஃப்ட் முறையில் நடக்கும். அப்புறம், வேலை நடக்கும் பக்கம் பிள்ளைகளை விளையாட விடாதீர்கள். ஆணி நீட்டிய பலகைகள் கிடக்கின்றன. கான்கிரீட் போட்ட பிறகே புதிய தேதி சொல்வோம்.

- கட்டிடக் குழு