உறுமும் நாயை அடிக்காதீர்கள்: குமரி மாவட்டத் தலைமையாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர்களுக்கு,

வணக்கம். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பத்து நிமிடம் கேட்டு இதை எழுதுகிறேன். கடிக்கப்போகும் நாயை அதன் உடம்பை வைத்தே அடையாளம் காண்பது எப்படி, அந்த நேரத்தில் என்ன செய்வது என்பதை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தருவதில்லை. வெறிநோய் இருக்கலாம் எனச் சந்தேகிக்கப்படும் விலங்குகளிடம் கடிபடுவோரில் நூற்றுக்கு நாற்பது பேர் 15 வயதுக்கு உட்பட்டவர்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சிறு பிள்ளையின் முகம் நாயின் வாய்க்கு எட்டும் உயரத்தில் இருக்கிறது. பயந்தால் ஓடுவார்கள், பாசம் வந்தால் கட்டிப்பிடிப்பார்கள். இரண்டுமே நாயைச் சீண்டும்.

தெருநாய்களை என்ன செய்வது என்ற விவாதம் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. கருத்தடையும் தடுப்பூசியும் உள்ளாட்சிகளின் பொறுப்பு. அதை நாம் விடாமல் கேட்கத்தான் வேண்டும். ஆனால் நாளைக் காலையும் பிள்ளைகள் அதே முடுக்கு வழியாகத்தான் பள்ளிக்கு வரப்போகிறார்கள். தவிர, கடிப்பது தெருநாய் மட்டுமில்லை. நன்றாகப் பழகிய வீட்டு நாயும், பக்கத்து விளையில் கட்டிப்போட்ட நாயும் கடிக்கும்.

பெரும்பாலான நாய்கள் முதல் வேலையாகக் கடிப்பதில்லை. பிடிக்காத ஒன்று நடந்தால் முதலில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். தூக்கமே வராத நேரத்தில் கொட்டாவி விடும். தின்ன ஒன்றும் இல்லாதபோது மூக்கையும் உதட்டையும் நக்கும். தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் ஓரத்துக்குக் கொண்டுபோகும். வெள்ளை விழி பிறைபோல வெளியே தெரியும். நாம் அப்போதும் விலகாவிட்டால் உடம்பு விறைக்கும், திறந்திருந்த வாய் மூடிக்கொள்ளும், அசைவு அப்படியே நின்றுவிடும். இந்த அசையாத நிலைதான் எனக்கு மிகவும் பயமான கட்டம், ஏனென்றால் "நாய் சும்மாதானே நிற்கிறது" என்று பெரியவர்களே நினைத்துவிடுகிறார்கள். உறுமலும், உதடு ஏறிப் பல் தெரிவதும், காற்றில் ஒரு கவ்வு கவ்வுவதும் இதற்குப் பிறகுதான். வால் ஆடினால் பாசம் என்றும் நம்பிவிட முடியாது. விறைத்து உயர்ந்து நுனி மட்டும் துடிக்கிற வால் எச்சரிக்கை.

பெற்றோர் கூட்டத்திலும் ஒன்றைச் சொல்ல வேண்டுகிறேன். வீட்டு நாய் பிள்ளையைப் பார்த்து உறுமினால் நாம் கம்பை எடுக்கிறோம். அடிவாங்கிய நாய் உறுமுவதை விட்டுவிடும். உறுமவைத்த பயமோ வலியோ அதோடு போய்விடாது. அடுத்த முறை அது சத்தம் காட்டாமலே கடிக்கும். நாமும் "ஒரு அறிகுறியும் இல்லாமல் கடித்துவிட்டது" என்று சொல்வோம். உறுமல் கேட்டால் பிள்ளையை அமைதியாக அங்கிருந்து கூட்டிப்போக வேண்டும். பிறகு காரணத்தைத் தேட வேண்டும்: காதில் சீழா, காலில் வலியா, சாப்பாட்டுத் தட்டில் கை வைத்தோமா, குட்டி போட்டிருக்கிறதா? சாதுவான நாய் திடீரென்று சீறத் தொடங்கினால் கால்நடை மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

பிள்ளைகளுக்கு வாயால் சொன்னால் போதாது. பயம் வந்ததும் கால் தானாக ஓடும். அதனால் உடற்கல்வி ஆசிரியர் மைதானத்தில் செய்தே பழக்க வேண்டும். நின்றுவிட வேண்டும். கத்தக் கூடாது. கைகளை உடம்போடு சேர்த்து, பக்கவாட்டில் திரும்பி, நாயின் கண்ணைப் பார்க்காமல் தரையைப் பார்க்க வேண்டும். நாய் கவனத்தை விட்டதும், முதுகைக் காட்டாமல் மெல்ல விலக வேண்டும். பாய்ந்து வந்தால் புத்தகப்பையையோ குடையையோ நடுவில் நீட்டலாம்; இரண்டு பருவமழையும் பெய்கிற நம் மாவட்டத்தில் குடை இல்லாத பிள்ளை குறைவு. சைக்கிளில் போனால் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொள்ளலாம். கீழே விழுந்துவிட்டால் முழங்காலை வயிற்றோடு மடக்கி, முகத்தைக் கவிழ்த்து, விரல்களைக் கோத்துப் பிடரியையும் காதையும் மூடிக்கொண்டு அசையாமல் கிடக்க வேண்டும்.

குலசேகரம், அருமனை பக்கத்துப் பிள்ளைகள் இதை வீட்டில் சொன்னால், விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போகும் அப்பா அம்மாவுக்கும் உதவும். தலைவிளக்கின் வெளிச்சத்தை நாயின் முகத்தில் அடிக்காமல் போகச் சொல்லுங்கள். குளச்சல், முட்டம் போன்ற கடற்கரை ஊர்களில் மீன்கழிவுக்கு நாய்கள் கூட்டமாகச் சேரும். தின்றுகொண்டிருக்கும் கூட்டத்தின் நடுவே குறுக்குவழி வேண்டாம். ஞாயிறு வேதபாட வகுப்பு நடத்துகிறவர்களும் இதை எடுத்துக்கொண்டால் மகிழ்வேன்.

கடித்துவிட்டால், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வைக்கக் கூடாது. அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போக வேண்டும். ரத்தம் வந்த காயமென்றால் தடுப்பூசியோடு காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பு மருந்து ஊசியும் தேவை. அதைக் கேட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும். வெறிநோயின் அறிகுறி தொடங்கிவிட்டால் பிழைப்பது மிக மிக அரிது. அதனால் எழுதிக்கொடுத்த நாட்களில் ஓர் ஊசிகூட விடுபடக் கூடாது.

இதில் எனக்கு இருக்கும் பெரிய கவலை, சொல்லாமல் மறைக்கும் பிள்ளை. கல் எறிந்தவனும் குட்டியைத் தூக்கப்போனவளும் வீட்டில் அடி விழும் என்று பயந்து காயத்தைச் சட்டைக்குள் மறைத்துக்கொள்வார்கள். நகக்கீறல்தானே என்றும் விட்டுவிடுவார்கள். யார் மேல் தப்பு என்று இந்தப் பள்ளியில் யாரும் கேட்க மாட்டோம், எந்த ஆசிரியரிடம் வேண்டுமானாலும் உடனே வந்து சொல்லலாம் என்று உங்கள் வாயால் ஒருமுறை அறிவியுங்கள். சொல்ல வரும் பிள்ளையிடம் வேறு எதையும் விசாரிக்காமல், முதலில் குழாயடிக்குக் கூட்டிப்போங்கள்.

இப்படிக்கு,
கல்குளம் வட்டத்திலிருந்து, உங்கள் மாணவர் ஒருவரின் தாய்