மைதானத்து ஆராதனை

அன்புள்ள எஸ்தர்,

இங்கு எல்லோரும் நலம். மாமாவுக்கு முட்டிவலி தேவலையா? லீலா விஷயத்தை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன், அதற்குத் தனியாகப் பத்துப் பக்கம் வேண்டும். இதை முதலில் உன்னிடம் சொல்லியாக வேண்டும்.

போன ஞாயிறு எங்கள் பகுதிச் சபைகளெல்லாம் கதவைப் பூட்டிவிட்டுப் பூங்காவில் ஒன்றாக ஆராதனை நடத்தினோம். கறுப்பினத்தார், வெள்ளையர், ஸ்பானிஷ்காரர்கள், கொரியர்கள், நாங்கள் கொஞ்சம் தமிழர்கள். அமெரிக்காவில் ஞாயிறு காலை பதினொரு மணிதான் ஜனங்கள் மிகவும் பிரிந்து கிடக்கிற நேரங்களில் ஒன்று என்று மார்ட்டின் லூதர் கிங் 1960-லேயே சொன்னார். இன்றைக்கும் அதில் பெரிய மாற்றமில்லை. அதனால்தான் போனேன்.

வந்தவர்கள் வழக்கம்போல அவரவர் ஆட்களோடு உட்கார்ந்தார்கள். கறுப்பினப் போதகர் ஒருவர் மைக்கை வாங்கி, "பெயர் தெரியாத ஒருவர் பக்கத்தில் நாற்காலியைப் போடுங்கள். அதுவரை ஜெபம் ஆரம்பிக்க மாட்டேன்" என்றார். மடக்கு நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு ஒரே அமளி! என் பக்கத்தில் ஒரு கொரியப் பெரியவர் வந்து உட்கார்ந்தார்.

அப்புறம் ஒரு பாட்டி எழுந்தாரடி. மைக் இல்லை, கீபோர்டு இல்லை. ஒரு வரியை அவர் எடுத்துக் கொடுக்க, கூட்டம் அதையே இன்னும் மெதுவாக, இழுத்து இழுத்துத் திருப்பிப் பாடியது. அடிமைகளுக்கு எழுத்தே மறுக்கப்பட்ட காலத்தில், கையில் பாட்டுப் புத்தகம் இல்லாதவர்கள் இப்படித்தான் பாடியிருக்கிறார்கள். இரண்டாவது வரியிலேயே கொரியப் பெரியவரும் சேர்ந்துகொண்டார். உன் ஆல்டோ குரலைக்கூட அங்கே யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள், போ! ஞாயிறு பள்ளியில் நீ ஒப்பித்துப் பரிசு வாங்கினாயே, "சகல ஜாதிகளிலும் கோத்திரங்களிலும் ஜனங்களிலும் பாஷைக்காரரிலுமிருந்து" என்று, அதை அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன்.

ஆனால் எஸ்தர், எனக்கு ஒரு ஆற்றாமை. பாட்டுப் பட்டியலில் முக்கால்வாசி ஒரே சபையின் பாட்டு. மற்றவர்களுக்கு ஆளுக்கு ஒன்று. ஸ்பானிஷ் போதகருக்கு முடிவு ஜெபம் மட்டும். மேடையும் ஒலிபெருக்கியும் யார் செலவோ, நிகழ்ச்சியும் அவர்கள் கையில். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. அதனாலேயே இதைப் பேசுவது இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

ஒரே கூட்டத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்ப எனக்குப் பயம். வில்லியம் சீமூர் என்ற கறுப்பினப் போதகரை நினைத்துப் பார். அடிமைகளாயிருந்தவர்களின் மகன். இனப்பிரிவினையால் ஹூஸ்டனில் வகுப்புக்கு வெளியே உட்கார்ந்து வேதம் படித்தவர். 1906-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் அசூசா தெருவில் அவர் நடத்திய கூட்டங்களில் கறுப்பரும் வெள்ளையரும் மெக்ஸிகோக்காரரும் சேர்ந்து முழங்காலில் நின்றார்கள். 1914-க்குள் பெரும்பாலும் வெள்ளையரான போதகர்கள் தனியாகக் கூடி வேறு அமைப்பு தொடங்கிவிட்டார்கள். பெயர்பெற்ற வெள்ளைக்காரப் பிரசங்கியார் பில்லி கிரகாம் 1953-ல் சட்டனூகா கூட்டத்தில் இரு இனத்தாரையும் பிரித்த கயிற்றைத் தன் கையாலேயே அவிழ்த்தார். அதே வருஷம் டாலஸில் பிரித்து உட்காரவைத்ததற்கு ஒத்துப்போனார். அவ்வளவு பெரியவரே ஒரு கூட்டத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் தடுமாறியிருக்கிறார். பரவசம் பொய்யில்லை, ஆனால் திங்கட்கிழமை அது தானாக வேலை செய்யாது.

அடுத்த கூட்டத்துக்கான திட்டக் குழுவில் என்னையும் சேர்த்திருக்கிறார்கள். இரண்டு விஷயம் கேட்கப்போகிறேன். பாட்டுப் பட்டியலை இந்த முறை அந்தப் பாட்டியின் சபையும் ஸ்பானிஷ் சபையும் போடட்டும். செலவை எல்லாச் சபையும் முடிந்த அளவு பங்கிடட்டும், நூறு டாலர் தருகிறவர்களுக்கும் மேஜையில் சமமான இடம் வேண்டும். சண்டை வந்தால் வரட்டும். லில்லி வழக்கம்போல "உனக்கு எதுக்கு வம்பு" என்பாள். நீ அப்படிச் சொல்லாதே.

உன்னிடம் ஒரு வேலை இருக்கிறது. ஒருவர் எடுத்துக் கொடுக்க, பாஷை தெரியாதவர்களும் உடனே திருப்பிப் பாடக்கூடிய தமிழ்க் கீர்த்தனை ஒன்று வேண்டும். பல்லவி சின்னதாக இருக்கட்டும். ராகத்தை நீயே பாடி அனுப்பு, குழு கூடுமுன் கிடைத்தால் நல்லது.

அன்புடன்,
ஜெயா