வேட்டியைக் கட்டாவிட்டால் விளக்குக்கு முன்னால் கட்டு

கும்பகோணம்,
மார்கழி 4

அன்புள்ள மணிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சௌக்கியம். நாலு நாளாகத் தூறல் விட்டபாடில்லை, கொடியில் துணி காயவில்லை. குழந்தைக்கு இருமல் நின்றதா?

போனில் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். சொன்னால் 'சரிம்மா, சரிம்மா' என்பாய். நாலாவது சரிம்மாவில் வைத்துவிடுவாய். அதனால் உட்கார்ந்து டைப் அடிக்கிறேன். வித்யாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி. உங்கள் வீட்டில் பொறுமை அவளிடம்தான் இருக்கிறது.

அந்த ரோலைகார்ட் கேமரா 40 பவுண்டுக்குப் போய்விட்டது என்று நீ சொன்னதிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. கிளாஸ்கோ குளிரில் காலையிலேயே பாராஸ் சந்தைக்குப் போய், குப்பை மாதிரிக் கிடந்ததில் கண்டெடுத்த கேமரா. ஏலத்தில் இரண்டே பேர் கேட்டிருக்கிறார்கள். நீ ஈபேயில் போட்டிருந்த படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். லென்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கறுப்பு ஓட்டை. தோல் எங்கே முடிகிறது, நிழல் எங்கே ஆரம்பிக்கிறது, ஒன்றும் புரியவில்லை. நானாக இருந்தால் 40கூடக் கேட்டிருக்க மாட்டேன். ஏலம் கேட்கிறவன் கண்ணுக்குத் தெரியாததை எல்லாம் பழுது என்றுதான் கணக்குப் போடுவான். லென்ஸில் பூஞ்சையோ, ஷட்டர் இதழில் எண்ணெய் ஊறியிருக்கிறதோ, உள்ளே கண்ணாடியில் ரசம் போயிருக்கிறதோ என்று ஒவ்வொன்றுக்கும் பத்துப் பத்தாகக் கழித்துக்கொண்டே வருவான்.

இப்போது அடுத்து விற்கப்போகிற யாஷிகா மேட் 124ஜி கேமராவின் படம் நாலு அனுப்பி 'ஓகேவாம்மா' என்று கேட்டிருக்கிறாய். ஓகே இல்லை.

முதலில் ஒன்று கேட்கிறேன். நீ படத்தைத் திருத்துகிற நேரம் எது? ராத்திரி பத்து மணி. குழந்தை தூங்குகிறாள் என்று அறை விளக்கை அணைத்துவிட்டு, லேப்டாப் திரையை முழு வெளிச்சத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். இருட்டறையில் அகல் விளக்குகூடக் கண்ணைக் கூசும். அங்கே உனக்குப் பளிச்சென்று தெரிந்த படம், வாங்குகிறவன் பஸ்ஸில் போகும்போது போனில் பார்த்தால் கரிச்சட்டி. நம் ஸ்டூடியோ டார்க் ரூமில் எங்களுக்கும் இதே கூத்துதான். சிவப்பு விளக்கில் பார்த்தால் டிரேயில் கிடக்கிற பிரிண்ட் நன்றாகக் கறுத்துவிட்ட மாதிரி இருக்கும். அவசரப்பட்டு எடுத்து, படத்தை நிலைநிறுத்துகிற ஹைப்போவில் போட்டுவிட்டு வெளியே கொண்டுவந்தால் சோகை பிடித்த மாதிரி வெளுத்திருக்கும். அதனால்தான் உங்கப்பா கண்ணை நம்பாமல் வாய்க்குள் வினாடி எண்ணுவார். உனக்கு எண்ணிக்கைக்குப் பதில் ஹிஸ்டோகிராம் இருக்கிறது. படத்தில் இருட்டு எவ்வளவு, வெளிச்சம் எவ்வளவு என்று மலை மாதிரி வரைந்து காட்டும்; இடது பக்கம் இருட்டு, வலது பக்கம் வெளிச்சம். கேமராவின் பின்திரையிலேயே வரும், பட்டன் தேடிப் பார். மலை முழுக்க இடது ஓரத்தில் குவிந்து, வலது பக்கம் வெறுந்தரையாகக் கிடந்தால் படம் அண்டர், வெளிச்சம் போதவில்லை. நீ அறை விளக்கைப் போட்டாலும் அணைத்தாலும் அந்த மலை இருந்த இடத்தில்தான் இருக்கும்.

சரி, ஏன் அண்டர் ஆகிறது? வெள்ளைப் படுக்கை விரிப்பின்மேல் கறுப்புக் கேமராவை வைத்து எடுக்கிறாய். கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கிற மீட்டருக்கு இது விரிப்பு, இது கேமரா என்றெல்லாம் தெரியாது. எதைக் காட்டினாலும், விழுகிற வெளிச்சத்தில் சுமார் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிற ஒரு நடுத்தரச் சாம்பல் என்றே எடுத்துக்கொள்ளும். உன் படத்தில் முக்கால்வாசி இடம் வெள்ளை. ஐயோ, இவ்வளவு வெளிச்சமா என்று அது குறைத்துவிடுகிறது. விரிப்பு அழுக்குத் துணியாகிறது, ஏற்கெனவே கறுப்பான யாஷிகா பாதாளத்துக்குப் போய்விடுகிறது. கல்யாண வீட்டில் வெள்ளை வேட்டி சட்டையோடு பத்துப் பேர் வரிசையாக நின்றால், மீட்டர் சொன்னதைவிட ஒரு ஸ்டாப் அதிகம் திறப்பார் அப்பா, அதாவது இரண்டு மடங்கு வெளிச்சம். இல்லாவிட்டால் மாமாக்கள் முகம் எல்லாம் தொலைந்துவிடும்.

உன் கேமராவில் கூட்டல் கழித்தல் குறி போட்ட பட்டன் ஒன்று இருக்கும். அதில் +1 வை. +1 என்றால் அதே ஒரு ஸ்டாப். போதாவிட்டால் +1.3, +1.7 என்று ஏற்றிப் பார். போனில் எடுத்தால் யாஷிகாவின் கறுப்பு உடம்பில் விரலால் ஒரு தட்டு, தானாக ஏறும். கறுப்புத் துணியில் வைத்தால் கதை தலைகீழ்; மீட்டர் தாராளமாக ஏற்றிவிடும், கேமரா சாயம்போன குடை மாதிரி வரும். என்னைக் கேட்டால் இரண்டு துணியும் வேண்டாம், ஒரு சாம்பல் நிறச் சார்ட் அட்டை வாங்கு. பாதித் தலைவலி அதிலேயே போய்விடும்.

ஆனால் பட்டனை மட்டும் திருகி எல்லாவற்றையும் சரிசெய்ய முடியாது. நம் ஸ்டூடியோவில் பெண் பார்க்கப் படம் எடுக்க வருகிறவர்களை நினைத்துக்கொள். எண்ணெய் வைத்து வழித்துச் சீவிய தலை, பின்னால் கருநீல ஸ்க்ரீன். முன்பக்கம் எத்தனை லைட் போட்டாலும் முடியும் ஸ்க்ரீனும் கலந்துபோய் முகம் மட்டும் அந்தரத்தில் மிதக்கும். அப்பா பின்னால் பக்கவாட்டில் இருந்து சின்னதாக ஒரு லைட் விடுவார். முடி ஓரத்தில் வெள்ளிக் கோடு ஒன்று ஓடும், பின்னல் பின்னலாகத் தெரியும். கறுப்புப் பொருளுக்கு உருவம் கொடுப்பது அதன்மேல் ஓடுகிற பளபளப்புதான். யாஷிகாவின் தோலும் அப்படித்தான். பக்கத்தில் இருந்து, கொஞ்சம் பின்தள்ளி, அகலமான வெளிச்சம் வந்தால் அந்தத் தோலின் சொரசொரப்பு, மூடியின் விளிம்பு, எழுத்து எல்லாம் எழுந்து நிற்கும். ஃப்ளாஷை அணைத்துவிடு. நேராக அடித்தால் கண்ணாடியும் உலோகமும் திருப்பி அடிக்கும், தோல் இருட்டாகவே இருக்கும்.

ஆபீஸ் விட்டு வருவதற்குள் இருட்டிவிடுகிற ஊரில் வார நாளில் படம் எடுக்க நினைக்காதே. சனி, ஞாயிறு பதினொன்றிலிருந்து ஒன்றரைக்குள் ஜன்னலோரம் மேஜையைப் போடு. வானம் மூடியிருக்கிறதே என்று அலுத்துக்கொள்ளாதே. வெளிச்சத்தை இப்படிப் பரத்திவிட நாங்கள் காசு கொடுத்து அம்ப்ரெல்லா வாங்கினோம், உனக்கு ஆகாயமே அம்ப்ரெல்லா. ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் டிவி பெட்டியில் வந்த தெர்மோகோலை நிறுத்து, நிழல் பக்கம் கொஞ்சம் தெளியும். அந்த நேரத்தில் அறையின் மஞ்சள் பல்பு எரியக் கூடாது. அது 2700 கெல்வின், பகல் வெளிச்சம் 5500க்கு மேல். இரண்டும் கலந்தால் கேமரா ஒரு பக்கம் மஞ்சள் காமாலை, மறுபக்கம் நீலம். நிறம் திருத்துகிற எந்த ஒயிட் பேலன்ஸாலும் இரண்டையும் ஒரே சமயத்தில் சரிசெய்ய முடியாது.

ராத்திரியில்தான் முடியும் என்றால், ஒரே கடையில் ஒரே மாதிரி எல்இடி விளக்கு இரண்டு வாங்கு. தீபாவளிக்கு நான் அனுப்பிய எட்டு முழ வேட்டி மடிப்புக் கலையாமல் இருக்கும் என்று எனக்குத் தெரியும். இடுப்பில் கட்டாவிட்டால் போகிறது, விளக்குக்கு முன்னால் ஒரு முழம் தள்ளிக் கட்டு. வெள்ளைப் பருத்திக்கு இணையாக வெளிச்சத்தை வடிகட்டுகிற பொருளை நான் இதுவரை பார்க்கவில்லை. கை ஆடாமல் இருக்க ஸ்டாண்டு வேண்டும், இல்லாவிட்டால் நாலு புத்தகம். ஐஎஸ்ஓ 100, அபெர்ச்சர் 8, இரண்டு வினாடி டைமர். ஷட்டர் கால் வினாடி, அரை வினாடி என்று போனாலும் பயப்படாதே, யாஷிகா கண் சிமிட்டப் போவதில்லை.

ஏற்கெனவே எடுத்த படத்தை என்ன செய்வது என்றால், பிரைட்னஸ் என்ற குமிழைத் தொடாதே. அது எல்லாவற்றையும் சேர்த்துத் தூக்கும், கறுப்பு சாம்பலாகிவிடும். படம் திருத்துகிற கிம்ப் சாஃப்ட்வேரில் கலர்ஸ் மெனுவுக்குள் லெவல்ஸ் என்று இருக்கிறது. அதே ஹிஸ்டோகிராம் மலைக்குக் கீழே மூன்று முக்கோணம். வலது முக்கோணத்தை மலை முடிகிற அடிவாரம் வரைக்கும் இழு, அதைத் தாண்டி உள்ளே போகாதே. நடு முக்கோணத்தை இடது பக்கம் மெதுவாக நகர்த்து, 1.00 என்று இருப்பது 1.30, 1.40 ஆகும். இடது முக்கோணத்தை அநேகமாகத் தொடவே வேண்டாம், கறுப்பு கறுப்பாகவே நிற்கும், நடுவில் இருப்பதெல்லாம் மேலே வரும். அதே பெட்டியில் சாம்பல் புள்ளியைத் தொட்டுக் காட்ட ஒரு சொட்டுக் குழாய் இருக்கிறது. நீ வாங்கப்போகிற சாம்பல் அட்டையில் அதை வைத்துத் தட்டினால் மஞ்சளும் போய்விடும்.

இதற்கும் ஒரு எல்லை உண்டு. ஜேபெக் படத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிதான். அண்டரான படத்தில் உன் கேமரா முழுவதும் கீழ்ப்படிகள் கொஞ்சத்தில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அதைப் பிடித்து இழுத்தால் புள்ளியும் பட்டையுமாகத் தெரியும். பிலிமில் அண்டர் என்றால் நெகட்டிவ் கண்ணாடி மாதிரி வெளுத்து இருக்கும். கான்ட்ராஸ்ட் தூக்கலான நாலாம் நம்பர் பேப்பரில் போட்டு என்னென்னவோ செய்து ஏதோ ஒன்றை வரவழைப்போம், ஆனால் நெகட்டிவில் விழாத கண்ணிமை பேப்பரில் முளைக்காது. நீ அனுப்பிய நாலில் இரண்டை அப்படித் தேற்றலாம். மற்ற இரண்டைத் திரும்ப எடு.

இன்னொன்று, நான் உன்னிடம் சொல்லக் கொஞ்சம் கூச்சப்படுகிற விஷயம். பதினெட்டு வருஷம் நான் டச்சிங் செய்தவள். சாய்வு மேஜையில் நெகட்டிவை வைத்து, கீழே கண்ணாடியால் வெளிச்சம் கொடுத்து, ஊசி மாதிரிச் சீவிய பென்சிலால் பரு, அம்மைத் தழும்பு எல்லாவற்றையும் மறைத்திருக்கிறேன். எத்தனை கல்யாணம் என் பென்சிலால் நடந்தது என்று கணக்கில்லை. அது வேறு. இங்கே ஒரு கீறலைக்கூட அழிக்காதே. நீ வெளிச்சம் கூட்டுவதே கீறல் தெரியத்தான். படத்தில் இல்லாத கீறல் பெட்டியைப் பிரித்ததும் தெரிந்தால், சொன்னபடி பொருள் இல்லை என்று திருப்பி அனுப்புவான், தபால் செலவும் உன் தலையில். 1995இல் ஈபே தொடங்கியபோது முதலில் விற்றதே ஒரு உடைந்த லேசர் பாயிண்டர்தானாம், 14.83 டாலருக்கு. வாங்கினவர் உடைந்தது என்று தெரிந்தேதான் வாங்கியிருக்கிறார்.

ஆகவே பூஞ்சை இருந்தால் அதற்கென்று தனியாக ஒரு படம் எடு. பின்மூடியைத் திறந்து, ஷட்டரை பி-யில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, பின்னால் இருந்து டார்ச் அடி. வித்யா முன்னால் இருந்து எடுக்கட்டும். சிலந்தி வலை மாதிரி இழை ஓடினால் பூஞ்சை, ஒன்றும் இல்லாவிட்டால் அந்த ஒரு படமே விலையை ஏற்றும். லென்ஸைச் சுற்றி இருக்கிற நம்பர் படிக்கிற மாதிரி ஒன்று, மேல்மூடியைத் திறந்து பார்க்கும் கண்ணாடி ஒன்று. நீளப் பக்கம் 1600 பிக்ஸலுக்குக் குறையாமல் ஏற்று. 500க்குக் கீழே ஈபேக்காரர்களே ஏற்க மாட்டார்கள். எனக்கு அனுப்புவதானால் வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட் ஆக அனுப்பு, படமாக அனுப்பினால் நசுக்கிவிடுகிறது.

இவ்வளவும் எழுதிவிட்டு, சொன்னதைச் செய்து பார்க்கலாமே என்று உன் மூன்றாவது படத்தைக் கிம்ப்பில் திறந்தேன். கைப்பிடி இருக்கிற வலது பக்கம் எடுத்தாயே, அது. நடு முக்கோணத்தை 1.60 வரைக்கும் இழுத்தேன். தோல் தெரிந்தது, கைப்பிடி தெரிந்தது. அதற்கு மேலே, எத்தனையாவது படம் என்று எண் காட்டுகிற குட்டி ஜன்னல் தெரிந்தது. அதில் 7 என்று இருக்கிறது மணி.

உடனே போன் போட்டேன், உனக்கு அங்கே நடு ராத்திரி, எடுக்கவில்லை. அதனால் இங்கேயே எழுதுகிறேன்: டார்ச் வேலையை இப்போது செய்யாதே. பின்மூடியைத் திறக்கவே திறக்காதே. 124ஜியில் மூடியைத் திறந்தால் எண் பழையபடி ஆரம்பத்துக்குப் போய்விடும். அப்பா கேமரா என் அலமாரியில் இருக்கிறது, இப்போதுதான் திறந்து மூடிப் பார்த்தேன். எண் 7இல் நிற்கிறது என்றால் அநேகமாக உள்ளே ரோல் இருக்கிறது. யாரோ ஆறோ ஏழோ படம் எடுத்துவிட்டு அப்படியே வைத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

ரோலுக்கு 12 படம். பாக்கி ஐந்து இருக்கிறது. சும்மா சுற்றிவிட்டுக் கழற்றாதே. ஞாயிற்றுக்கிழமை குழந்தையை அந்த ஜன்னலோரம் தெர்மோகோல் பக்கத்தில் உட்காரவைத்து ஐந்தையும் எடு. பழைய பிலிம் உணர்ச்சி குறைந்திருக்கும், மீட்டர் சொல்வதற்கு மேல் இரண்டு ஸ்டாப் கொடு. பன்னிரண்டு தாண்டியதும் கைப்பிடி தடையில்லாமல் சுற்றும், பிலிமோடு சேர்ந்த காகிதம் முழுக்கச் சுருண்டுவிட்டது என்று தெரிந்த பிறகு நிழலில் வைத்துத் திற. ஒட்டுத்தாளை நக்கி ஒட்டி, கழுவக் கொடு. நெகட்டிவ் வந்ததும் ஸ்கேன் செய்து எனக்கு அனுப்பு, முதல் ஏழும் சேர்த்து. அதுவரைக்கும் அந்தக் கேமராவை ஏலத்தில் போடாதே.

அன்புடன்,
அம்மா